பேச்சுத்துணை உள்ள தெரு

“எந்த மாதிரி வீடு வேணும் உனக்கு?” என்று கணவன் எழிலன் ஒருநாள் கேட்டபோது, பேச்சுக்கு அக்கம்பக்கம் இருந்தால் போதும் என்றாள் குழலி.

அந்தப் பழைய புறநகர்த் தெருவில் வீடு பார்க்க வந்ததுமே, பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல், “புதுசா குடி வரீங்களாம்மா? காபி போடட்டா?” என்றது. குழலிக்கு மனம் நிறைந்துவிட்டது.

“அந்தம்மா செத்து ஆறு வருஷமாச்சு,” என்றார் தரகர். “பிள்ளைங்க வெளிநாட்டுல. அவங்க குரலை மட்டும் கம்ப்யூட்டர்ல ஓடவிட்டிருக்காங்க. தெரு பூரா இப்படித்தான். ஒரு தொந்தரவும் இருக்காது.”

எதிர்வீட்டு முதியவர் மூச்சிரைக்க ஓடிவந்து குழலியின் கையைப் பற்றினார்.

“சூடா இருக்கே! வாங்கிடும்மா. இங்க உசிரோட நான் ஒருத்தன்தான்.”

“அப்ப நாங்கல்லாம் யாராம் அண்ணே?” என்று ஜன்னல் சிரித்தது.

குழலி கையை உருவிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.