சோதி அண்ணையின் ஆராய்ச்சி

நடுவர் என் மகனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். பக்கத்து சீட்டில் இருந்த சோதிலிங்கம் அண்ணை கை தட்டினார்.

நான் “ஐயோ” என்றேன். என் குரலும் அவருடைய கைதட்டலும் ஒன்றாகத்தான் காருக்குள் கேட்டன.

மனுகாவில், ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் இருந்தோம். எங்களுக்குப் புதன் காலை, உலகத்தின் மறுபக்கம் இங்கிலாந்தில் செவ்வாய் இரவு. ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்திருந்த அவருடைய போனுக்குள் தனோஜன் ஓடிக்கொண்டிருந்தான். உதைபந்தாட்டத்தில் நாலாம் தர லீக், பாதி காலியான மைதானம், விடாத மழை.

யாரோ ஒரு பையனைத் தேவையே இல்லாமல் காலை வாரி விழுத்தினான் என் மகன். விழுத்திவிட்டு நடுவரோடு வாக்குவாதம் வேறு. அவன் அப்படிப்பட்ட பிள்ளையே இல்லை. இன்றைக்குத் தொடக்கத்திலிருந்தே பேய் பிடித்தவன் மாதிரி ஆடினான்.

இந்த சீசனில் இது அவனுக்கு ஐந்தாவது அட்டை. அடுத்த போட்டியில் வெளியே உட்கார வேண்டும். அந்தப் போட்டியைப் பார்த்துத்தான் அவனை அடுத்த வருடமும் வைத்துக்கொள்வதா என்று மனேஜர் முடிவு செய்வதாக இருந்தார்.

இதெல்லாம் சோதி அண்ணைக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்.

கடைசி விசில் ஊதியது. தனோஜனின் அணி தோற்றுவிட்டது. சோதி அண்ணை என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பல்.

“மூண்டும் சரிவந்திட்டுது, தங்கச்சி! தம்பியாக்கள் தோல்வி, பத்துக் கோர்னர், தம்பிக்கு மஞ்சள். ஒண்டு பிசகியிருந்தாலும் எல்லாம் போயிருக்கும். நான் சும்மா காசு வைச்சு பெட் பண்ணேல்லை, ஆராய்ஞ்சுதான் பண்ணினனான்.”

ஆராய்ச்சியாம்!

கொஞ்சமாவது கூச்சப்பட்டுச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பரிசு வாங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்வது போலச் சொன்னார்.

எங்கள் ஆட்கள் யாரும் தனோஜனைப் பற்றி விசாரிப்பதில்லை. இஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போனவன் அல்லவா? கோயிலில் கண்டால் பேச்சை மாற்றி, வீட்டுக் கடன் மோட்கேஜ் எப்படிப் போகிறது என்று கேட்பார்கள். சோதி அண்ணை ஒருவர்தான் ஒவ்வொரு போட்டிக்கும் முதல் நாள் போன் எடுத்துச் சுகம் கேட்பார்.

தம்பிக்கு முழங்கால் எப்படி? நித்திரை கொள்கிறானா? அவன் விரும்பும் அந்தப் பிள்ளையோடு இன்னும் கோபமா? புது மனேஜர் ஏசுகிறாரா?

நான் உருகிப்போய் ஒன்று விடாமல் ஒப்புவிப்பேன். ஊரே மறந்த என் பிள்ளையை நினைக்க ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று அப்படி ஒரு நிறைவு.

போன மாதம் கோயிலில் தனோஜனின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை கூடச் செய்வித்தார். நான் தூணோரம் நின்று அழுதேன். பிள்ளையாரிடம் என்ன கேட்டிருப்பார் இந்த மனிதர்? கோர்னர் பத்துக்குக் குறையக் கூடாது என்றா?

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. குதிரையில் கட்டட்டும். லொத்தரில் கட்டட்டும். வேறு யாருடைய மகன் மீதாவது கட்டட்டும். இல்லை, அதுவும் வேண்டாம், அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். நான் பெற்ற பிள்ளை அட்டை வாங்க வேண்டும் என்று, எனக்குப் பக்கத்திலேயே இருந்து, என் பிளாஸ்கிலிருந்து தேநீரும் ஊற்றிக் குடித்துக்கொண்டு காத்திருப்பாரா ஒருவர்?

கேட்டுவிடத்தான் நினைத்தேன். வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

காரணம் இருந்தது. என் மார்பில் கட்டி இருப்பது என் கணவருக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். கணவருக்கு வேர்ஹவுசில் பகல் வேலை. வீடு இருக்கும் மனுரேவாவிலிருந்து என்னை ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருபவர் சோதி அண்ணைதான். தனோஜனுக்கு இதைச் சொல்லிவிடக் கூடாது, தெரிந்தால் அவனுக்கு விளையாட்டில் மனம் நிற்காது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். நான் அழுதபோது இரண்டு மூன்று தரம் அழுத்திச் சொன்னார்.

சூதாடியாக இருந்தாலும் அந்த விஷயத்தில் மனிதர் மனிதராக நடந்துகொண்டார். அந்த ஒன்றுக்காகப் பேசாமல் காரை விட்டு இறங்கினேன்.

“டொக்டரிட்டக் காட்டிப்போட்டு வாங்கோ, மத்தியானச் சாப்பாடு என்ர கணக்கு,” என்றார் கண்ணாடியை இறக்கி.

அவருடைய சாப்பாடு யாருக்கு வேண்டும்! பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பரிசோதனை முடிவைக் கேட்கப் போகிற பயம்கூட ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் போன் அடித்தது. தனோஜன். உடை மாற்றும் அறையிலிருந்து எடுத்திருக்க வேண்டும், பின்னால் ஒரே சத்தம். என்னோடு எப்போதும் இங்கிலீஷில்தான் கதைப்பான். இன்று தமிழில், சொல்லுச் சொல்லாகத் தேடிக் கேட்டான்.

“அம்மா, உங்களுக்குக் கான்சராம். மேட்ச்சுக்கு முதல் சோதி அங்கிள் மெசேஜ் போட்டவர். உண்மையாம்மா?”

நான் இன்னும் டொக்டரைப் பார்க்கவே இல்லை.