சினைக் கொடுவா

கொக்கும் நீர்நாயும் மட்டுமே மீன் பிடித்துப் பிழைத்த உப்பங்கழி அது. ஒருநாள் கரையில் புளிக்குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க, நீர்நாய் ஒரு கொடுவா மீனை இழுத்து வந்து காலடியில் அமுக்கியது. மீன் துடித்தது. அதன் வயிறு புடைத்திருந்ததைக் கொக்கு பார்த்துவிட்டது.

“சினை மீன்யா அது, விட்டுரு. முட்டை போட்டாத்தான் நாளைக்கும் நமக்குக் குழம்பு.”

“நான் விட்டா இன்னொருத்தன் பிடிச்சிருவானே.”

“இங்க எவன்யா இன்னொருத்தன்?”

நீர்நாய் கொக்கையே வெறித்துப் பார்த்தது. குழம்பு சுண்டிக்கொண்டிருந்தது. மீனின் செவுள் அடங்கிக்கொண்டே வந்தது.

கொக்குக்குச் சுருக்கென்றது. மீனைக் கொத்தத் தோதாக எப்போதோ தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்த ஒற்றைக் காலை மெல்ல வெளியே எடுத்தது.

அதற்குப் பிறகுதான் நீர்நாய் பிடியை விட்டது.