ஒன்பதாவது கணக்கு

ஒன்பதாவது கணக்கின் விடை தப்பு.

அச்சடித்த தாளில் இருபத்துநாலு ஆம்பியர் என்றிருந்தது. ராங்க்குக்கு ஆறுதான் வந்தது. மறுபடி போட்டாள். ஆறு. பேனாவை மாற்றிப் போட்டாள். அப்போதும் ஆறு.

எந்தப் பரீட்சையிலும் முதலாவதாக வருவதால் அவளுக்கு வகுப்பில் அந்தப் பெயர். தாளைக் கொடுத்த பௌதிக வாத்தியாருக்கு ஷாக் என்று பெயர். ஏன் என்பது கிட்டே போனவர்களுக்குத் தெரியும்.

மொத்தம் பத்துக் கணக்கு. விடைகளை அவரே கீழே அச்சடித்துக் கொடுத்துவிட்டார். வழியை எழுதிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். முதல் பாதி ஒளி. லென்ஸ், கண்ணாடி, பிம்பம் எங்கே விழும் என்கிற விவகாரம். குழி லென்ஸுக்கு மைனஸ் போட மறக்காமல் கரையேறிவிட்டாள். மின்சாரத்தில்தான் மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. மூன்று ஓம் ஒன்று, ஆறு ஓம் ஒன்று, இரண்டும் பக்க இணைப்பில். மொத்தம் எவ்வளவு மின்சாரம் ஓடும்? மூன்று ஓமில் நாலு, ஆறு ஓமில் இரண்டு. கூட்டினால் ஆறு. இதில் என்ன இருக்கிறது?

இருந்தது. மேல்படிப்புக்கு ஷாக் ஒரே ஒரு ஆளைத்தான் சிபாரிசு செய்வார். "பத்தும் சரியா இருக்கணும். ஒண்ணு பிசகினாலும் என் கையெழுத்து கிடையாது" என்று சொல்லியிருந்தார்.

அவரிடம் போய், "சார், உங்க விடை தப்பு" என்பதா?

போன் அடித்தது. கடைசி வரிசை டியூப்லைட். வகுப்பே அடுத்த பாடத்துக்குப் போன பிறகு முந்தின பாடத்தில் சந்தேகம் கேட்பவள்.

"ஏய், ஒன்பதாவது உனக்கு எவ்வளவுடி வந்துச்சு? எனக்கு ஆறுதான் வருது. மண்டை காயுது."

ராங்க் தாளைப் பார்த்தாள்.

"இருபத்துநாலு."

"எப்படிடி?"

"ஒழுங்காப் போட்டா வரும். உனக்குத்தான் எல்லாம் லேட்டா எரியுமே."

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

இருபத்துநாலு எப்படி வரும் என்று ராங்க் தேடினாள். கிடைத்தது. மூன்றில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டினால் அரை. அதைத் தலைகீழாக்கி இரண்டு ஓம் என்று எழுத வேண்டும். தலைகீழாக்காமல் விட்டால் அரை ஓம். பன்னிரண்டை அரையால் வகுத்தால் இருபத்துநாலு.

ஷாக் மறந்திருக்கிறார். அவர் மறந்ததை இவள் தெரிந்தே மறந்தாள்.

"ஏன்டி மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கணக்கு வந்துடுச்சு."

மறுநாள் வகுப்பில் எல்லாரும் கிசுகிசுத்தார்கள். "உனக்கு?" "இருபத்துநாலு." "எனக்கும்." ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஷாக் வந்தார். உட்காரவில்லை.

"ஒன்பதாவதுல என் விடை வராதவங்க எழுந்திரிங்க."

ஒரே ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. டியூப்லைட். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"நில்லு" என்றார் அவளிடம். பிறகு முதல் பெஞ்சைப் பார்த்து, "நீ வாம்மா. போர்டுல போடு."

ராங்க் எழுந்தாள். சாக்பீஸை எடுக்கும்போது திரும்பிப் பார்த்தாள். டியூப்லைட் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேசாகத் தலையசைத்தாள். காப்பாற்றச் சொல்கிறாள் போலிருக்கிறது. பாவம்.

1/3 + 1/6 = 1/2 என்று எழுதினாள். சாக்பீஸ் நின்றது.

"ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்ல சார்."

அரை ஓம் என்று எழுதினாள். இருபத்துநாலு என்று முடித்தாள்.

"சரியா?"

"சரி சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம். நான் கடிக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ராங்க் போர்டைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. சொன்னால் சிபாரிசு போகும்.

"ஒண்ணுமில்ல சார்."

ஷாக் டஸ்டரை எடுத்தார். அரையை அழித்து இரண்டு என்று எழுதினார். இருபத்துநாலை அழித்து ஆறு என்று எழுதினார்.

"தப்பு என்னுது. தலைகீழாக்க மறந்துட்டேன். நீங்க அத்தனை பேரும் எப்படி மறந்தீங்க?"

டஸ்டரை மேஜையில் வைத்தார்.

"நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணு என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. 'சார், விடை ஆறு'ன்னா. போட்டுப் பாத்தேன். ஆறுதான்."

எல்லார் கண்ணும் ராங்க் மேல். அவள் கண் தரையில்.

"மத்தவங்க ஏன் சொல்லலன்னு கேட்டேன். 'உங்ககிட்ட பயம் சார், அவங்களைத் திட்டிடாதீங்க. நாளைக்கு ராங்க்கை போர்டுக்குக் கூப்பிடுங்க, அவளே சொல்லிடுவா. சிபாரிசு அவளுக்குத்தான் சார் வேணும். நான் வந்ததைச் சொல்லிடாதீங்க'ன்னா. சொல்லாம இருக்கத்தான் பாத்தேன். முடியல."

"யாரு சார் அது?" என்றது ஒரு குரல்.

ஷாக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"நீ உக்காரும்மா."

அங்கே நின்றுகொண்டிருந்தது ஒருத்திதான். டியூப்லைட்.