முந்நூற்று அறுபத்தாறாவது ஜன்னல்

ஆண்டின் நாட்களைப் போல முந்நூற்று அறுபத்தைந்து ஜன்னல்கள் என்பதுதான் விண்டர்கோம் மாளிகையின் குலப்பெருமை. கூரை ஒழுகுவது அதில் சேராது. அந்த எண்ணிக்கையை அரசு அதிகாரி ஒருவர் வந்து எண்ணி உறுதிசெய்தால்தான் கூரைக்கு அரசு உதவி கிடைக்கும்.

வழக்கமாக ஏப்ரலில் ஜன்னல் துடைக்கும் டிரான்டர், அதிகாரிக்காக அந்த முறை பிப்ரவரி இருபத்தொன்பதிலேயே ஏணி ஏறினார்.

"ஐயா, மேற்கு மூலையில ஒண்ணு கூடுதலா இருக்கு."

"உனக்கு எண்ணவும் தெரியாதாய்யா?" என்றார் மாளிகையின் சொந்தக்காரர் சர் ஆப்ரி.

"துடைச்ச கைக்குத் தெரியுமுங்க."

"சரி, உள்ள போய் அந்த ஜன்னலோட பலகைக் கதவைச் சாத்திடறேன். அதிகாரி கண்ணுல படாது."

டையைச் சரிசெய்துகொண்டு மேலே போனார். கதவு மூடியதை டிரான்டர் கீழிருந்து பார்த்தார். அதிகாரி வந்து எண்ணினார், முந்நூற்று அறுபத்தைந்து என்று கையெழுத்திட்டார். கூரை சரியாயிற்று. சர் ஆப்ரி இறங்கி வரவில்லை. மறுநாள் மேற்கு மூலையில் வெறும் செங்கல் சுவர்தான் இருந்தது.

நான்காண்டு கழித்து, அதே தேதியில் டிரான்டர் அங்கே ஏணியைச் சாத்தினார். ஜன்னல் இருந்தது. பலகைக் கதவு விரல்கடை திறந்தது. அதே டை.

"அதிகாரி போயிட்டானா?"

"போயிட்டாருங்க."

"இரு, இறங்கி வரேன்."

கதவு மூடியது. படிகளில் காலடிச் சத்தம் இறங்கத் தொடங்கியது. இருட்டும்வரை இறங்கிக்கொண்டே இருந்தது.