சத்தம் நின்ற பிறகு

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடிவயிற்றில் கடகடவென்று ஒரு சத்தம் வந்து சேர்ந்தது. கம்பெனி சர்வீஸில் மூன்று நாள் ஏசியில் நிறுத்தி, எதையெதையோ கழற்றி மாற்றி, இரண்டு லட்சத்துக்கு பில் போட்டு அனுப்பினார்கள். வாசலைத் தாண்டியதும் மறுபடி கடகட.

வேறு வழி தெரியாமல் ஓனர் அதைப் பாலத்தடி மெக்கானிக் சகாயத்திடம் ஓட்டிப் போனார். சகாயம் நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைக் காரின் அடியிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்டார். ஆடிக்கொண்டிருந்த தகடு ஒன்றை முடுக்கினார். சத்தம் நின்றது.

“இருநூறு ரூபா குடுங்க சார்,” என்றார்.

காருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோவிடம் கேட்டது:

“ஏங்க, எனக்கு நிஜமாவே சரியாயிடுச்சா?”

“சத்தம் வருதா?”

“வரலை. அதான் பயமா இருக்கு. இருநூறு ரூபாய்ல என்னங்க வைத்தியம் நடந்திருக்கும்?”

ஆட்டோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

வழியெல்லாம் கார் காதைத் தீட்டிக்கொண்டே போனது. சத்தமே இல்லை. கலக்கம்தான் கூடியது. ஓனருக்கும் அதே கலக்கம்போல, வண்டியை நேராகக் கம்பெனிக்கே திருப்பினார். அங்கே கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டிப் பார்த்து, ‘சத்தம் எதுவும் இல்லை’ என்று நாலு பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுத்து, பதினெட்டாயிரம் வாங்கிக்கொண்டார்கள்.

“அப்பாடா, இப்பதான் குணமாச்சு!” என்றது கார்.

அந்த ஆட்டோ எதற்கு அப்படிச் சிரித்தது என்பதுதான் அதற்குக் கடைசிவரை விளங்கவில்லை.