ஈரத்தில் பிரியும் சுருள்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கிறது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருப்பதால் சங்கராபுரத்தில் மூன்று நாளாகப் பஸ் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து தேன் விற்க வந்த மூக்காயி, திரும்ப வழியில்லாமல் செந்தமிழ்ச்செல்வியின் வீட்டுத் திண்ணையில் தங்கியிருக்கிறாள். காலை வெயில் விழும் துவைகல்லில் உட்கார்ந்து செல்வி காய்ந்த தலையைச் சீவுகிறாள். சுருட்டை முடியில் சீப்பின் இன்னொரு பல்லும் ஒடிகிறது. கல்யாணமாகி ஆறு மாதம். "குருவிக்கூடு" என்று கணவன் வீட்டில் சிரிக்காத நாளில்லை. அவள் கத்தரிக்கோலை எடுத்துக் காதோரம் வைக்கிறாள்.

"அய்ய, இன்னாம்மா பண்றீங்க?" மூக்காயி ஓடிவந்து கையைப் பிடிக்கிறாள். அவள் தலையிலும் அதே சுருட்டைதான். ஆனால் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக, பளபளவென்று தொங்குகிறது. செல்வி அதையே பார்க்கிறாள்.

"உனுக்கு மட்டும் எப்படி இப்படி நிக்குது?"

"காய்ஞ்ச முடியில சீப்பு வெப்பாங்களா? ஈரத்துல, வெரலாலதாம்மா பிரிக்கணும். நுனியிலேர்ந்து."

கிணற்றடிச் செம்பருத்தி இலையை மூக்காயி தண்ணீரில் கசக்குகிறாள். வழவழப்பான பச்சைச் சாறு செல்வியின் தலையில் இறங்குகிறது. விரல்கள் நுனியிலிருந்து மேலே ஏற ஏறச் சிக்கு சத்தமில்லாமல் விடுகிறது. வலிக்குமென்று இறுகியிருந்த தோள்கள் தளர்கின்றன. செல்வி ஒரு சுருளை இழுத்து விடுகிறாள். அது துள்ளிச் சுருண்டுகொள்கிறது. மறுபடி இழுக்கிறாள். சிரிப்பு வருகிறது.

"திரும்பு மூக்காயி, உன் முடியைத் தொட்டுப் பாக்கறேன்."

மூக்காயி தயங்குகிறாள். ஊருக்குள் அவளிடம் தேன் வாங்குவார்கள்; மலைச்சாதிக்காரி என்று அவளைத் தொட்டவர்கள் யாருமில்லை. பிறகு முதுகைக் காட்டி உட்காருகிறாள். செல்வியின் ஈர விரல்கள் மெல்ல அந்தச் சுருள்களுக்குள் நுழைகின்றன.