தோஹாவிலிருந்து ஐந்து மணித்தியாலம்

"கொஞ்சம் அமைதியா இருங்க. மருமகன் தோஹா ஏர்போட்டுல இருந்து பேசுறார்."

அபூசாலி ஹாஜியார் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையின் நடுவில் வைத்தார். அவருடைய இளைய மகள் முஃப்லிஹாவைப் பெண் கேட்டுப் புத்தளத்திலிருந்து வந்திருந்த பன்னிரண்டு பேரும் வட்டிலப்பத்தை விட்டுவிட்டுப் போனைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய் றஹ்மத் உம்மா வந்தவுடனேயே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். இந்த வீட்டு மூத்த மருமகன் ஃபஸ்லானுக்கு வெளிநாட்டில் பெரிய உத்தியோகம் என்று கேள்வி. அவரைக் கண்ணால் கண்ட பிறகுதான் கலியாணத்துக்கு வாக்கு. இரண்டு தடவை வந்தும் காணக் கிடைக்கவில்லை. இன்று காணாமல் எழும்பப் போவதில்லை.

சொந்த ஊரான கல்பிட்டியில் ஹாஜியாரின் சொல்லை யாரும் சரிபார்த்துப் பழக்கமில்லை. முகம் சிவந்தாலும் அடக்கிக்கொண்டு, மருமகன் இன்றைக்கே வருகிறார் என்று அறிவித்தார்.

"மாமா, பிளேன்ல ஏற வரிசையில நிக்கிறேன்," என்றார் ஃபஸ்லான்.

தோஹா எவ்வளவு தூரம் என்று றஹ்மத் உம்மா கேட்டார். ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், விமானத்தில் ஐந்து மணித்தியாலம், அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்று ஒப்புவித்தார்.

கல்பிட்டியிலிருந்து சிலாபம் வழியாகக் கொழும்புக்கு நூற்றெழுபது கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கும் அதே ஐந்து மணித்தியாலம் என்று மேசைக் கோடியிலிருந்து ஒருவர் கணக்குச் சொன்னார். அப்படியென்றால் தோஹாவும் கொழும்பும் ஒரே தூரந்தான் என்றார் இன்னொருவர். சிரிப்பில் மேசை குலுங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஒலித்தது. அது முடிந்த கையோடு போனுக்குள்ளிருந்தும் ஒரு பாங்கு எழுந்தது.

சிரிப்பு நின்றது.

"ஹாஜியார், அங்க இப்ப காலம பத்து மணியும் ஆகல்லயே. இது என்ன பாங்கு?" என்றார் றஹ்மத் உம்மா.

ஹாஜியாரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"எங்க மருமகன்ட போன்ல பாங்கு ஊர் நேரத்துக்குத்தான் சொல்லும். அத அவர் மாத்தவே இல்ல. எங்க இருந்தாலும் ஊர் நெனப்பு வரணும்டு வச்சிருக்கார்."

றஹ்மத் உம்மா முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று வியந்தார். இராச் சாப்பாட்டுக்கும் இருந்து, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அந்த இடத்திலேயே வாக்குத் தந்துவிட்டுப் போவதாகச் சொன்னார். மேசை மறுபடி கலகலத்தது. யாரோ ஹாஜியாரைக் கட்டிப்பிடித்தார்.

ஆண்களையெல்லாம் தொழுகைக்கு அனுப்பிவிட்டு, ஹாஜியார் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஸ்பீக்கரை நிறுத்தினார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார்.

"மருமகன், சிலாபத்துல இருந்து இப்பவே பஸ் ஏறிடாதீங்க, நீங்க இன்னும் அஞ்சு மணித்தியாலம் பறக்கணும்."